வரிசையில் இரண்டாவது ஆள்

"முள்ளு" என்றார் இவர், என் வீட்டுக்காரர். "முள்ளு" என்றேன் நான். "முள்ளு" என்றாள் என் பின்னால் வரும் மகள் மிதுனா, அவளுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லாவிட்டாலும். இது எங்கள் வீட்டுச் சட்டம். ஒற்றையடிப் பாதையில் முதலில் போகிறவர் காலுக்கு ஆகாதது எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டும், அடுத்த ஆள் அதைத் திருப்பிச் சொல்லிப் பின்னால் தள்ள வேண்டும், கடைசி ஆள் காற்றுக்காவது சொல்லியாக வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் முன்னால் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார். சட்டம் போட்டது இவர்தான். பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேரும் எங்காவது நடக்கப் போவது என்று ஆரம்பித்ததும் இவர்தான். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயில் முகத்தில் அடிக்கும்வரை போர்வையை விட்டு வராத மனிதர். கடற்கரை முடிந்தது, கிண்டி முடிந்தது, அடையாற்றங்கரை முடிந்தது, இன்றைக்குப் பல்லாவரம் தாண்டி இந்தக் குன்று. இந்தக் குன்றுக்குப் போகலாம் என்று சொன்னது மட்டும் நான். மேலே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது, வெட்டிய பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது, ஆழம் யாருக்கும் தெரியாது என்று கீழ்வீட்டு ஹேமா போனில் படம் காட்டினாள். அதை நான் இவரிடம் காட்டியபோது படத்தைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தேன். தண்ணீர் என்றதும் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகவே காட்டினேன். சப்பாத்தியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. பிறகு, "போலாமே" என்றார், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

"கல்லு." "கல்லு." "கல்லு." முன்னால் இவர் முதுகு. நீலச் சட்டை, நடுவில் வேர்வை திட்டாக நனைந்திருக்கிறது. அந்த முதுகை நான் விடுவதாக இல்லை. மலை ஏறினால் மற்றவர்களுக்கு மரம் தெரியும், பறவை தெரியும், கீழே ஊர் தெரியும். எனக்கு இரண்டு மாதமாக இந்த முதுகுதான் தெரிகிறது. ராத்திரியில் அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். இதில் இந்தப் பெண் வேறு. காரை விட்டு இறங்கியதிலிருந்து என் இடது கையைப் பிடித்தவள் விடவேயில்லை. பின்னால் நடந்துகொண்டு என் கையை வால் மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறாள், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது, கை வேர்த்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. "கையை விடுடி. ஏழு வயசாச்சு, நீயே நட" என்றால், "ம்ஹூம்." மஞ்சளாக ஆவாரம்பூ பூத்துக் கிடக்கிறது, பறிச்சுக்கோ என்றால், "ம்ஹூம், வேணாம்." பூ வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையா இது? கடற்கரையில் இவள் பின்னால் ஓடி ஓடி என் செருப்பு வாரே அறுந்துபோனது. இன்றைக்கென்று பார்த்து ஒட்டிக்கொள்கிறாள். எனக்கு இரண்டு கையும் வேண்டும். அங்கே மேலே போய், அந்தத் தண்ணீர் ஓரத்தில், இவர் ஏதாவது, கடவுளே, ஏதாவது என்றால் நான் எந்தக் கையால் பிடிப்பேன்? வலது கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் இருக்கிற பை. பையைப் போட்டுவிடலாம். பையைப் போட்டுவிட்டு சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும். காலர் கிழிந்துவிட்டால் பெல்ட். இவர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று காரிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். பார்த்து வைத்துக்கொண்டேன் என்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. எந்தப் பெண்டாட்டி புருஷன் பெல்ட்டை இதற்காகப் பார்ப்பாள்?

பெல்ட் இருக்கிறது. வாட்ச் இல்லை. காரைப் பூட்டுவதற்கு முன்னால் கழற்றி டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினார், நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. அது தினாவின் வாட்ச். என் தம்பி தினகரன். போன ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தான். "மாமா, இது உங்க கைக்குத்தான் நல்லா இருக்கும்" என்று தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டினான். இன்னும் ரெண்டு தோசை ஊத்துக்கா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மிதுனாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினான். எத்தனை மாதமாயிற்று இவன் இப்படிச் சிரித்து, அப்பாடா தேறிவிட்டான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், லிஃப்ட் மூடும்வரை கையசைத்தேன். தீபாவளிக்கு அவன் இல்லை. தானாகவே போய்விட்டான். வந்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள், ஒண்ணுமே சொல்லலையா, ஒண்ணுமே தெரியலையா கௌசி என்று. சொன்னானே. வாட்ச்சைக் கழற்றிச் சொன்னான், தோசை கேட்டுச் சொன்னான். எனக்குத்தான் புரியவில்லை. இப்போது புரியும். இப்போது யாராவது கையிலிருந்து ஒன்றைக் கழற்றினால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. திடீரென்று சிரித்தால், திடீரென்று பாசமாக இருந்தால். இவர் பாசமாக இருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக ஆபீசிலிருந்து ஒரு போன் வராது, இப்போது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, "சாப்பிட்டியா, என்ன பண்றே, தூங்கினியா." விசிலடிக்கிறார். சமையற்கட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார். வெங்காயம்! அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உடனே கதவைத் தட்டினார். "கௌசி, கௌசி, என்ன பண்றே உள்ளே?" குளிக்கிறேன் என்றேன். நான் வரும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

"வேரு." நான் சொல்லவில்லை. நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தார். என்னை, பிறகு என் கையை, பிறகு மிதுனாவை. "வேரு" என்றேன். "வேரு" என்றாள் மிதுனா. நடந்தார். நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறார். என் கண் தன் மேல் இருக்கிறதா, எப்போது அசருவேன் என்று பார்க்கிறார். அசர மாட்டேன். சாவி விஷயத்திலும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். வாசல் ஆணியில் தொங்கும் மொட்டைமாடிச் சாவியை ஒரு வாரமாகக் காணோம். "தெரியலையே, எங்கேயாவது இருக்கும்" என்றார். இவர் குளிக்கப் போனபோது ஆபீஸ் பையைத் துழாவினேன், லஞ்ச் பாக்ஸ் உறைக்குள் இருந்தது. ஆபீசுக்கு எதற்கு மொட்டைமாடிச் சாவி? எடுத்ததைச் சொல்லவில்லை, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நல்லவேளை, சாவி தொலைவதற்கு முன்னாலேயே நான் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கைப்பிடிச் சுவர் போதிய உயரம் இருக்கிறதா என்று பார்க்க. இவருக்காக. ஒருவேளை இவர் மேலே போனால் சுவர் தடுக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கிட்டே போய் நின்று பார்த்தேன். சூடு. உள்ளங்கையை வைத்தால் சுட்டது. கீழே வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் குட்டியாகத் தெரிந்தார். காற்று நன்றாக இருந்தது. அவ்வளவுதான். வந்துவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஞாபகமில்லை, அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்திருந்தது.

மேலேயிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். தொப்பி, கையில் மூங்கில் கழி, ரிட்டையர் ஆனவர் போல, வேர்த்து விறுவிறுத்து முகமெல்லாம் சந்தோஷம். எங்களுக்கு வழிவிட்டுப் புதரோரம் ஒதுங்கி நின்றார். "குடும்பத்தோட நடக்கிறீங்களா, ரொம்ப நல்லது சார். குவாரிகிட்ட மட்டும் பாத்துப் போங்க, வேலி ஒரு இடத்துல பிஞ்சு கிடக்கு." இவர், "தெரியும் சார், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்தானே" என்றார். "அதேதான், அதேதான்" என்று தலையாட்டிவிட்டு அவர் மிதுனாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கால் நகரவில்லை. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம். இந்தக் குன்றின் பெயரையே போன வாரம்தான் நான் சொன்னேன், இவருக்கு எப்படி வேலி பிய்ந்த இடம் தெரியும்? வந்திருக்கிறார். தனியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்று சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ் என்று போனவர் ஷூ முழுக்கச் செம்மண்ணோடு வந்தார், ரோடு வேலை நடக்குது என்றார். நான் அந்த ஷூவைத் துடைத்து வைத்தேன். இந்தக் கையால் துடைத்து வைத்தேன். "என்ன கௌசி, மூச்சு வாங்குதா? உக்காரலாமா?" "இல்லை. போலாம்." "திரும்பிடலாமா? கீழே போய் இட்லி சாப்பிடலாம், மிது, என்ன சொல்றே?" இப்போது திரும்பலாம் என்றால் திரும்பிவிடலாம். இட்லி, வடை, காபி, வீடு. ஆனால் நாளைக்கு? நான் இல்லாமல் வருவார். ஆபீசுக்குப் போகிற வழியில் வருவார். என் எதிரில் நடந்தால் பிடித்துவிடலாம், என் முதுகுக்குப் பின்னால் நடந்தால் என்ன செய்வேன்? தினா என் எதிரிலா போனான்? "இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்குத் திரும்பணும்? பாத்துட்டே போலாம்" என்றேன். இவர் முகம் செத்துவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். சிரிப்பு இருந்தது, முகம் இல்லை. "சரி" என்றார். மிதுனாவின் பிடி இறுகியது.

மேலே மேலே செடி குறைந்து பாறை வருகிறது. வெயில் ஏறிவிட்டது. கற்றாழை, காய்ந்த புல், யாரோ குடித்துப் போட்ட பாட்டில். சின்ன வயதில் எனக்கு உயரம் என்றால் பயமே கிடையாது, தினாவுக்குத்தான் பயம், ரங்கராட்டினத்தில் என் பாவாடையைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இறங்கினதும் பாவாடையில் பல் தடம் இருக்கும். அவ்வளவு பயந்த பிள்ளை எப்படி, எப்படி அவ்வளவு பயந்த பிள்ளை, அந்த நேரத்தில் எதைக் கடித்துக்கொண்டான்? இதை நினைக்கக் கூடாது. முதுகைப் பார், நீலத்தைப் பார். இந்த நினைப்பு வந்தால் அதோடு இன்னொன்றும் வருகிறது, அவன் இருக்கிற இடம் அமைதியாகத்தான் இருக்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், யாரையும் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தூங்கலாம். தூக்கத்துக்கு எவ்வளவு ஏங்குகிறேன். "கல்லு." "கல்லு." இவர் ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்தார். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம், தலைக்கு மேலே வயிறு தெரிய, சக்கரம் தெரிய, மலையே அதிர்கிறது. மிதுனா வாயைத் திறந்து ஏதோ சொல்கிறாள், கேட்கவில்லை. முன்னால் இவர் ஏதாவது சொன்னாரா, அதுவும் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொல்லாவிட்டால் நின்று திரும்பி வந்து பார்ப்பார், அதுதானே சட்டம். வரவில்லை. விமானச் சத்தம் ஓய்ந்தது. வரவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, விசில் இல்லை, காலடி இல்லை. "ஏங்க." இல்லை. "ஏங்க!" பையைப் போட்டேன். ஓடினேன். பின்னால் மிதுனா, "அம்மா, அம்மா, இழுக்காதம்மா" என்று கத்திக்கொண்டே வருகிறாள், கையை உதறினேன், விடவில்லை, இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்குகிறாள். விடுடி சனியனே என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சொல்லிவிட்டேன். பாறையைச் சுற்றியதும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. வேப்பமரம். வேலி. பிய்ந்த இடம். அந்த இடைவெளியில் நீலச் சட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயமும் தூரத்துக் கட்டிடங்களும், கீழே பச்சை.

நான் நின்றுவிட்டேன். இவர் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதுகு தண்ணீருக்கு. வேலி பிய்ந்த இடத்தை அடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கக் கம்பத்தையும் பிடித்துக்கொண்டு.

"பள்ளம்" என்றார்.

நான் இவர் கையையே பார்த்தேன், வாட்ச் இல்லாத கை.

"கௌசி, அங்கேயே நில்லு. பள்ளம். திருப்பிச் சொல்லும்மா."

"அப்பா" என்றாள் மிதுனா, மூச்சு வாங்க. அழுகிறாள். "நான் விடலைப்பா. அம்மா உதறினாங்க, திட்டினாங்க, நான் விடவே இல்லை. தண்ணி வந்துடுச்சு. இப்ப விடலாமா? கை வலிக்குது."

"என்னடி சொல்றே?"

"அப்பாதான் சொன்னாரு. மலையில அம்மா கையை விடவே கூடாது, தண்ணிகிட்ட வந்தா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும்னு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு." சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

இவர் தலை குனிந்துவிட்டது. நான் கேட்டேன், என் குரல் மாதிரியே இல்லை. "வாட்சை ஏன் கழட்டி வெச்சீங்க?"

"அதைப் பார்த்தா நீ ஒரு மாதிரி ஆயிடறே, கௌசி. எம் மூஞ்சியைப் பாக்கறதில்லை, என் கையையே பாத்துட்டு இருக்கே."

"சாவி?"

"எதிர்வீட்டு சரோஜா மாமி போன் பண்ணாங்க. வத்தல் எடுக்க மாடிக்குப் போனப்போ நீ சுவரோரமா நின்னுட்டிருந்தியாம். மூணு தடவை கூப்பிட்டாங்களாம். திரும்பலையாம். ராத்திரி ஒரு பொட்டு தூங்க மாட்டேங்கறே. பேச மாட்டேங்கறே. திடீர்னு ஒரு நாள் வந்து, ஆழம் தெரியாத தண்ணியாம், போலாம்னு படத்தைக் காட்டறே. முடியாதுன்னா நீ தனியா வந்துடுவியோன்னு... நேத்தே வந்து எங்கெங்கே வேலி இல்லைன்னு பாத்துட்டுப் போனேன்."

"உங்களுக்காகத்தாங்க மாடிக்குப் போனேன்" என்றேன். "நீங்க எங்கே தினா மாதிரி... சுவர் உயரமா இருக்கான்னு பாக்கத்தான்..."

"நானா?" என்றார். அந்த முகத்தில் இருந்த ஆச்சரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை.

இவர் இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் அந்த வீட்டில் இருந்த பயம் யாரைப் பற்றியது? பெல்ட், காலர், எந்தக் கை. மாடிக்குப் போன அன்றைக்கு இவர் ஆபீசில் இருந்தார். மிதுனா பள்ளிக்கூடத்தில். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். இவருக்குச் சுவர் போதுமா என்று பார்க்கப் போனவள் எதற்கு என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், எதற்குக் கீழே எட்டிப் பார்த்தேன், காற்று நன்றாக இருக்கிறது என்று யாருக்குச் சொல்லிக்கொண்டேன்? பால் தீய்ந்த வாசனை மாடிவரைக்கும் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. சரோஜா மாமி மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. இந்தக் குன்றைக் கேட்டது நான். திரும்பலாம் என்றபோது வேண்டாம் என்றது நான். ஒவ்வொரு அறிகுறியாக இவர் மேல் தேடித் தேடிச் சேர்த்தேனே, ஒன்றாவது இவருடையதா? அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை பயம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது, அதனால் இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

"விடலாமாம்மா?" என்றாள் மிதுனா. மணிக்கட்டில் அவள் விரல்கள் பத்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"வேணாம்டா கண்ணு" என்றேன். "விடாதே. கை வலிச்சா மாத்திப் பிடிச்சுக்கோ."

இவர் கம்பத்தை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே தண்ணீர் இருந்தது, நான் பார்க்கவில்லை. "பள்ளம்" என்றேன் கடைசியில். இவர் கேட்டு இவ்வளவு நேரமாயிற்று. "பயமா இருக்குங்க. எனக்கு என்னை நெனச்சாதான் பயமா இருக்கு." சொன்னதும் அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிடாத அழுகை. "எனக்கும்தான்" என்றார். "நாளைக்கே போய் ஒரு டாக்டரைப் பாக்கலாம். நானும் கூட வரேன், உள்ளேயே உக்காந்திருக்கேன்." சரி என்றேன்.

இறங்கும்போது என்னை முதலில் விட்டார். "நீ சொல்லு, நாங்க திருப்பிச் சொல்றோம்." எனக்குப் பின்னால் மிதுனா, கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் இவர். எதிரில் முதுகு இல்லை. பாதை இருந்தது, ஆவாரம்பூ இருந்தது, நான் போட்டுவிட்டு ஓடிய பை வழியில் கிடந்தது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு கருவேலங்கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

"முள்ளு" என்றேன். இரண்டு குரலும் வரும்வரை நின்றேன்.